சைடு வீலோடு பெடலையும் கழற்றுங்கள்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு ஐந்தரை வயது. 16 இஞ்ச் சைக்கிளில் இரண்டு பக்கமும் சைடு வீல் வைத்து ஒன்றரை வருடமாக அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நன்றாகவே ஓட்டுகிறாள். போன மாதம் இரண்டு வீலையும் கழற்றிவிட்டு நீங்கள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினீர்கள். விழுந்தாள், முட்டியில் தோல் உரிந்தது, அதிலிருந்து சைக்கிளைக் கண்டாலே அழுகிறாள். மாடிவீட்டுப் பையன் நாலு வயதிலேயே ஓட்டுகிறான். ஒரு பக்க வீலை மட்டும் கழற்றிவிட்டால் மெல்லப் பழகுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒன்றரை வருடம் ஓட்டிய பிள்ளைக்கு ஏன் இன்னும் வரவில்லை, அவளிடம் ஏதாவது குறையா என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதில் குறை என்று சொல்ல எதுவுமே இல்லை. அவள் ஒன்றரை வருடமாக ஓட்டியது மூன்று சக்கர வண்டி மாதிரி ஒன்று. அதை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். இப்போது அதை மறக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் திருச்சியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளி மைதானத்தில் நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்குகிறேன். நான் டாக்டரும் இல்லை, பௌதிகம் படித்தவனும் இல்லை. என்னிடம் வருகிற பிள்ளைகள் பெற்றோர் அக்கறையோடு காலை ஆறரைக்கு எழுப்பிக் கூட்டிவருகிற பிள்ளைகள். அதனால் என் அனுபவத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

ஒரு துடைப்பக் கட்டையை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கட்டை இடது பக்கம் சாய்ந்தால் கையை இடது பக்கம் நகர்த்துவோம். சாய்கிற பக்கத்துக்கே அடியைக் கொண்டுபோனால் கட்டை நிமிர்ந்துவிடும். சைக்கிளும் அப்படித்தான் நிற்கிறது. வண்டி இடது பக்கம் சாய ஆரம்பித்தால் ஹேண்டில்பாரை இடது பக்கமே லேசாகத் திருப்புகிறோம், சக்கரம் நம் உடம்புக்கு அடியில் வந்துவிடுகிறது. இதை ஒரு நிமிடத்தில் எத்தனையோ தடவை நாம் அறியாமலே செய்கிறோம். பேலன்ஸ் என்று தனியாக ஒன்று இல்லை. ஹேண்டிலைச் சாய்வுக்கு ஏற்பத் திருப்புவதற்குத்தான் அந்தப் பெயர். சைடு வீல் இருக்கும்போது வண்டி சாய்வதில்லை. சாயாத வண்டியில் சாய்வுக்கு ஏற்பத் திருப்ப எங்கே பழகுவது? அதைவிட மோசம், திருப்பத்தில் நடப்பது. ஷேர் ஆட்டோ இடது பக்கம் திரும்பினால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வலது பக்கம் சரிகிறோம் அல்லவா, சைடு வீல் சைக்கிளிலும் பிள்ளையின் உடம்பு அப்படித்தான் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. அவளும் அந்தப் பக்க வீலில் பாரத்தைப் போட்டு உட்காரப் பழகிவிடுகிறாள். இரண்டு சக்கரத்தில் திரும்பும்போது உள்பக்கம் சாய வேண்டும். ஆக, ஒன்றரை வருடத்தில் அவள் உடம்பு பழகியது நேர்மாறான பாடம். பெடல் மிதிக்கவும் தைரியமாக உட்காரவும் கற்றிருக்கிறாள், அது வீண் போகாது. மீதியை அவளுக்கு யாரும் இன்னும் சொல்லித் தரவே இல்லை.

இதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு விவாதத்துக்கு உரியது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற யாராவது ‘சக்கரம் வேகமாகச் சுற்றுவதால்தான் சைக்கிள் விழாமல் நிற்கிறது, பம்பரம் மாதிரி’ என்று பள்ளியில் படித்ததைச் சொல்லக்கூடும். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் முன்சக்கரத்தின் பக்கத்தில் எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அந்தப் பம்பர விசையை அடித்துப்போடும்படி ஒரு சைக்கிள் செய்தார். ஏறி ஓட்டினால் அது பாட்டுக்கு ஓடியது. 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பம்பர விசையும் இல்லாமல், முன்சக்கரம் தானாகப் பின்தொடர்ந்து திரும்புகிற அமைப்பும் இல்லாமல் ஒரு சின்ன வண்டி செய்து தள்ளிவிட்டார்கள். ஆளே இல்லாமல் அதுவும் விழாமல் ஓடியது. ஆள் இல்லாத சைக்கிள் தானாக ஏன் நிற்கிறது என்பதில் ஒற்றைக் காரணம் கிடையாது என்பதே இதிலிருந்து கிடைப்பது. ஆனால் ஆள் ஏறிய சைக்கிளில், அதிலும் பிள்ளை ஓட்டுகிற மெதுவான வேகத்தில், நிறுத்தி வைப்பது ஹேண்டிலைத் திருப்பும் கைதான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மெதுவாகப் போனால் கஷ்டம், கொஞ்சம் வேகம் வந்தால் சுலபம் என்பதும் உறுதி. பயந்த பிள்ளை மெதுவாகப் போகப் பார்க்கும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் ஊரில் இதெல்லாம் தெரியாமலா இருந்தது? எங்கள் தலைமுறைக்குச் சின்ன சைக்கிள் கிடையாது. வாடகை சைக்கிள் கடையில் ஒரு மணி நேரத்துக்கு எடுப்போம், பார் வைத்த பெரிய சைக்கிள், சீட் நம் தாடை உயரம். முதலில் ஒரு காலைப் பெடலில் வைத்து மறு காலால் தரையை உந்தி உந்திப் போவோம். அது வந்ததும் பாருக்கு அடியில் காலை விட்டு அரைப் பெடல், அப்புறம் முழுச் சுற்றுக் குரங்குப் பெடல். சீட்டில் உட்காருவது கடைசிப் படி. முதல் படியைக் கவனியுங்கள். பெடல் மிதிப்பது என்பதே அதில் இல்லை. உந்துவதும் ஹேண்டிலைத் திருப்பிச் சமாளிப்பதும் மட்டும்தான். குரங்குப் பெடலிலோ உடம்பு ஒரு பக்கம், வண்டி மறு பக்கம் என்று சாய்ந்தபடியே ஓட்ட வேண்டும். அதில் தேறியவனுக்குச் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவது ஒன்றுமே இல்லை. சைக்கிளின் சரித்திரமும் இதே வரிசையில்தான் போகிறது. 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய மர வண்டிக்குப் பெடல் கிடையாது, உட்கார்ந்தபடி தரையைக் காலால் உந்திப் போவது. பெடல் வைத்த வண்டி பாரிஸில் பரவியது 1860-களில். பெடல் பரவுவதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் முன்பே மனிதர்கள் பெடல் இல்லாமல் பேலன்ஸ் மட்டும் பழகியிருக்கிறார்கள். இன்று கடைகளில் பேலன்ஸ் பைக் என்று விற்கிறார்களே, அது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத் முனைப்பில் கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். வயதுக்கு வந்த பெண் சைக்கிள் ஓட்டுவதை ஊரே நின்று வேடிக்கை பார்த்த காலம் அது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைத்துப் போகலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. நாற்பது வயது அம்மாக்கள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறியதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் சைடு வீல் இல்லை. அதனால் உங்கள் மகளுக்கு ஐந்தரை வயதில் ‘காலம் கடந்துவிட்டது’ என்ற கவலையை மட்டும் விட்டுவிடுங்கள்.

சரி, நீங்கள் நேராகக் கேட்டதற்கு வருகிறேன். ஒரு பக்க வீலை மட்டும் கழற்றாதீர்கள். கழற்றினால் பிள்ளை மீதியிருக்கும் வீலின் மேல் நிரந்தரமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும். மறு பக்கம் ஒரு தடவை சாய்ந்தால் அங்கே தாங்க எதுவும் இல்லை, விழும். ஒரு பக்கம் நம்பிக்கை, ஒரு பக்கம் பயம் என்று உடம்பு கோணலாகப் பழகுவதுதான் மிச்சம். இரண்டு வீலையும் தரையிலிருந்து சற்றுத் தூக்கி வைப்பது அதைவிடத் தேவலை. சாய்வு என்று ஒன்று இருப்பதாவது பிள்ளைக்குத் தெரியும். அப்படிப் பழகிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலோர் ஏதாவது ஒரு வீலில் சாய்ந்துகொண்டு ‘கடகட’ என்று சத்தத்தோடு ஓட்டி மாதக்கணக்கை ஓட்டுகிறார்கள். என் மூத்த மகனுக்கு நானே இப்படித்தான் செய்தேன். இரண்டு வருடம் சைடு வீல், மாதம் ஒரு முறை அரை இஞ்ச் தூக்குவது, உடற்கல்வி வாத்தியார் என்ற கெத்து வேறு. ஏழு வயதில் கண்ணீரோடு பழகினான். இளையவளுக்குப் பெடலைக் கழற்றிக் கொடுத்தேன், இரண்டாவது வாரம் ஓட்டினாள். இரண்டு பிள்ளைகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் மைதானத்தில் அப்புறம் வந்த பிள்ளைகளிடமும் நான் கண்டது ஏறக்குறைய இதுவே.

ஆகவே என் யோசனை இது. சைடு வீல் இரண்டையும் கழற்றுங்கள், அதோடு பெடல் இரண்டையும் கழற்றுங்கள், சீட்டைத் தாழ்த்துங்கள். புது பேலன்ஸ் பைக் வாங்க வேண்டாம். ஐந்தரை வயதுக்கு அது சீக்கிரமே சின்னதாகிவிடும், காசுக்குக் கேடு. பெடல் கழற்ற 15-ஆம் நம்பர் ஸ்பேனர் பெரும்பாலும் சரியாக இருக்கும். வலது பெடல் எல்லா நட்டையும் போல இடஞ்சுழியாகத் திருகினால் வரும். இடது பெடலின் மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருக வேண்டும். இது தெரியாமல் பலத்தைக் காட்டி மரையை நாசம் செய்த அப்பாக்கள் நிறையப் பேர். குழப்பமாக இருந்தால், எந்தப் பக்கம் நின்றாலும் ஸ்பேனரை மேல்நோக்கிப் பொருத்திப் பின்சக்கரத்தின் பக்கம் இழுத்தால் கழலும் என்று நினைவில் வையுங்கள். வராவிட்டால் பஞ்சர் கடையில் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. முடிந்தால் கடைசித் திருகை உங்கள் மகளைத் திருகச் சொல்லுங்கள். தன் கையால் கழற்றிய வண்டி என்றால் அதன்மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் குறையும்.

சீட் உயரம்தான் இதில் உயிர். அவள் சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், முட்டி சற்றே மடங்கியிருக்க வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் போதாது. சீட்டை அடிவரை இறக்கியும் பாதம் பதியவில்லை என்றால் சைக்கிள் அவளுக்குப் பெரிது. வளர்ந்தாலும் ஓட்டட்டும் என்று பெரிதாக வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, பாவாடைக்கு மடிப்பு வைத்துத் தைப்பதுபோல, சைக்கிளில் அது எடுபடாது. கடையில் எந்த வயதுக்கு எத்தனை இஞ்ச் என்று சொல்வதைவிடப் பிள்ளையை உட்காரவைத்துப் பார்ப்பதே சரி. எடையையும் பாருங்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழியுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிள்ளைகள் சைக்கிளில் பத்து கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பதினெட்டு கிலோ பிள்ளைக்கு அது தன் எடையில் பாதிக்கு மேல். மட்கார்டு, முன்கூடை, பின்கேரியர், பொம்மை பெட்டி எல்லாவற்றையும் பழகும் வரை கழற்றி வைத்தால் ஒன்றிரண்டு கிலோ குறையும். டயரில் காற்று கல் மாதிரி இருக்க வேண்டும். பாதிக் காற்றில் உந்தினால் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும்.

இடத்தைப் பொறுத்தவரை பார்க்கிங் வேண்டாம் என்பேன். தூணும் காரும் இருக்கிற இடத்தில் பிள்ளையின் கண் தூணையே பார்க்கும், கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். புல்தரை மெத்தென்று இருக்கும் என்று தேடிப் போகிறார்கள், ஆனால் அதில் உருளாது, வேகம் கிடைக்காது, வேகம் இல்லாவிட்டால் நிற்காது. மணல் மைதானமும் அப்படியே. கெட்டியான மண் தரை, அல்லது வண்டி வராத சிமென்ட், தார்த் தளம் நல்லது. கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு இருந்தால் பாதி வேலை முடிந்தது. காலை ஆறரை, ஏழு மணிக்குப் போங்கள். வெயில் ஏறினால் பிள்ளைக்கும் பொறுமை போய்விடும், உங்களுக்கும் போய்விடும். செருப்பு வேண்டாம், ஷூ போடட்டும், லேஸை உள்ளே செருகுங்கள். தொளதொள பேன்ட், துப்பட்டா எல்லாம் செயினில் மாட்டும். ஹெல்மெட் போட்டால் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும், பின்னந்தலையில் தொங்கக் கூடாது.

முதல் நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள், உட்கார வேண்டாம். உருட்டும்போது பிரேக்கைப் பிடித்து நிறுத்திப் பார்க்கட்டும். சைடு வீலில் ஓட்டிய பிள்ளைகள் பலர் காலைத் தேய்த்தே நிறுத்தியிருப்பார்கள், பிரேக்கை ஒரு நாளும் பிடித்திருக்க மாட்டார்கள். பிரேக் லீவர் அவள் விரலுக்கு எட்டுகிறதா பாருங்கள். பல லீவர்களில் ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் திருகினால் லீவர் கைப்பிடிக்கு அருகில் வரும். எந்தக் கை எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதையும் நீங்கள் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு சீட்டில் உட்கார்ந்து நடக்கட்டும். வெறும் நடை. இரண்டு மூன்று சுற்றில் அவளாகவே எட்டு வைப்பதை நீட்டுவாள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம், பக்கத்தில் நடந்தால் போதும். கால் தரையில் இருப்பதால் விழும் பயம் இல்லை. சாய்ந்தால் காலை ஊன்றிக்கொள்வாள். இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், ‘இன்னும் ஒரு சுற்று’ என்று அவள் கெஞ்சினாலும்கூட. கெஞ்சலோடு வீட்டுக்குப் போகிற பிள்ளை மறுநாள் தானே எழுந்து நிற்கும்.

அடுத்து வருவது உந்திவிட்டு இரண்டு காலையும் தூக்குவது. ‘ரெண்டு எண்ணுற வரைக்கும் காலைத் தூக்கு பார்க்கலாம்’ என்று ஆரம்பித்து, மூன்று, ஐந்து, பத்து என்று ஏற்றுங்கள். அவள் ஹேண்டிலைக் கவனியுங்கள். முதலில் வெடுக் வெடுக்கென்று ஆடும், நாளாக ஆக ஆட்டம் சிறுத்துவிடும். அந்த ஆட்டம்தான் கற்றுக்கொள்வது. அதைத் தப்பு என்று நினைத்து ‘ஹேண்டிலை ஆட்டாதே, நேராப் பிடி’ என்று சொல்லிவிடாதீர்கள். நான் பார்த்ததிலேயே அதிகம் கெடுதல் செய்த ஒற்றை அறிவுரை அதுதான். துடைப்பக் கட்டையை நிறுத்துகிறவனிடம் கையை அசைக்காதே என்பதற்குச் சமம். தூரத்தில் நின்று ‘என்னைப் பார்த்து வா’ என்று மட்டும் சொல்லுங்கள், தலை தானாக நிமிரும். பத்து எண்ணும் வரை காலைத் தூக்கி, லேசான வளைவிலும் போக முடிகிறது என்றால் பெடலை மாட்டலாம். இதற்கு எத்தனை நாள் என்று கேட்டால், என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒரே காலையில் முடித்தவர்கள் உண்டு, ஆறு ஞாயிறு எடுத்தவர்களும் உண்டு. ஐந்து, ஆறு வயதில் பாதிப் பேருக்கு மேல் மூன்று நாலு தடவைக்குள் வந்துவிடுகிறது. இது என் நோட்டுக் கணக்கு, ஆராய்ச்சி அல்ல.

பெடல் மாட்டியதும் சீட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள், பாதத்தின் முன்பகுதி மட்டும் தரையில் ஊன்றும் அளவுக்கு. வலது பெடலை, வலது பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்தில் இரண்டு மணி முள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து வைத்து, அதை அழுத்திக் கிளம்பச் சொல்லுங்கள். அந்த முதல் அழுத்தலில் கிடைக்கிற வேகம்தான் அடுத்த பெடலைத் தேடக் காலுக்கு அவகாசம் தருகிறது. இந்தக் கட்டத்தில் உங்கள் கை தேவைப்பட்டால், ஹேண்டிலையும் பிடிக்காதீர்கள், சீட்டையும் பிடிக்காதீர்கள். ஹேண்டிலைப் பிடித்தால் அவள் செய்ய வேண்டிய திருப்பலை நீங்கள் செய்கிறீர்கள். சீட்டைப் பிடித்தால் வண்டி சாய்வதே அவளுக்குத் தெரியாது. உங்கள் கைதான் அப்போது சைடு வீல். போன மாதம் நடந்தது அநேகமாக இதுதான். நீங்கள் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பீர்கள், விட்டதும் அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பிடிப்பதென்றால் அவளைப் பிடியுங்கள். முதுகில், தோளுக்குக் கீழே, விரல்கள் படும் அளவுக்கு. வண்டி அவள் பொறுப்பு, அவள் உங்கள் பொறுப்பு.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகத் தோன்றினாலும் சொல்கிறேன். ‘பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்’ என்று கத்திக்கொண்டே கையை விடும் வித்தையைச் செய்யாதீர்கள். நம் எல்லோருக்கும் யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ அப்படித்தான் பழக்கினார்கள், பலருக்கு அது இனிய நினைவுதான். ஏற்கெனவே ஒரு தடவை விழுந்து பயந்திருக்கும் பிள்ளையிடம் அது வேலை செய்யாது. திரும்பிப் பார்ப்பாள், நீங்கள் இருக்க மாட்டீர்கள், திரும்பிப் பார்த்ததாலேயே விழுவாள். அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள். ‘இப்ப விடப்போறேன்’ என்று சொல்லி விடுங்கள். வேண்டாம் என்றால் விடாதீர்கள். ‘விழுந்தாத்தான் வரும்’ என்று தாத்தா பாட்டி சொல்வார்கள், அவர்களிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் அது உண்மையும் இல்லை. பெடல் இல்லாமல் பழகிய பிள்ளைகளில் ஒரு தடவைகூட உருப்படியாக விழாமல் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடிவீட்டுப் பையனைப் பற்றிய பேச்சை வீட்டில் எடுக்கவே எடுக்காதீர்கள். முட்டிக் காயம் நன்றாக ஆறி, தோல் இழுக்காமல் காலை மடக்க முடிகிற வரை ஆரம்பிக்கவும் வேண்டாம்.

வயதைப் பற்றி. நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் எப்போது வந்தாலும் அதை நான் வழக்கம் என்றே எடுத்துக்கொள்வேன். போர்ச்சுகலில் பெற்றோரிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த ஓர் ஆய்வில், பேலன்ஸ் பைக்கில் தொடங்கிய பிள்ளைகள் சராசரியாக நாலு வயதைச் சற்றுத் தாண்டியபோதும், சைடு வீலில் தொடங்கியவர்கள் ஆறு வயதை ஒட்டியும் தனியாக ஓட்டியிருக்கிறார்கள். என் அனுபவத்துக்கு அது ஒத்துப்போகிறது, அதனாலேயே அதை அதிகம் கொண்டாட நான் தயங்குகிறேன். பெற்றோர் நினைவிலிருந்து சொன்ன வயது அது. தவிர, பேலன்ஸ் பைக் வாங்கிக் கொடுக்கிற வீட்டில் பிள்ளையை வெளியே கூட்டிப்போகும் பழக்கமும் கூடுதலாக இருந்திருக்கலாம். எவ்வளவு சீக்கிரம் ஓட்டியது என்பதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

குழந்தை டாக்டரிடம் எப்போது கேட்க வேண்டும் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. சைக்கிள் மட்டும் வரவில்லை என்பதற்காகப் போக வேண்டியதில்லை. ஆனால் ஐந்தரை வயதில் ஒற்றைக்காலில் நொண்டி விளையாட முடியவில்லை, படி இறங்கும்போது கால் மாற்றி வைக்காமல் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து நிற்கிறாள், அடிக்கடி தடுக்கி விழுகிறாள், பட்டன் போடுவதும் பென்சில் பிடிப்பதும்கூடச் சிரமம், ஒரு பக்கக் கை காலை எப்போதும் குறைவாகப் பயன்படுத்துகிறாள், இப்படிச் சில சேர்ந்து இருந்தால் ஒரு முறை காட்டுங்கள். கண் பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள். என்னிடம் ‘பயந்த சுபாவம்’ என்று கொண்டுவந்த ஒரு பையனுக்குக் கண்ணாடி போட்டதும் பாதிப் பயம் போய்விட்டது. இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பாண்டி ஆட்டத்தில் அவள் நன்றாக நொண்டுகிறாள் என்றால் இந்தப் பத்தியையே மறந்துவிடுங்கள்.

தனியாக ஓட்ட ஆரம்பித்த பிறகு ஒரு மாதமாவது மைதானத்தோடு நிறுத்துங்கள். நேராக ஓட்டுவது வந்ததும் தெருவுக்குக் கூட்டிப்போகிறார்கள். திரும்பிப் பார்த்தாலும் கோடு மாறாமல் போவது, ஒரு கையை எடுப்பது, சொன்ன இடத்தில் பிரேக் பிடித்து நிற்பது, இந்த மூன்றும் வராமல் தெரு வேண்டாம். வந்த பிறகும் இந்த வயதில் நீங்கள் கூடவே போக வேண்டும். எதிரே வரும் டூவீலரின் வேகத்தைக் கணிக்கும் பக்குவம் ஐந்து வயதில் இருக்காது, எவ்வளவு நன்றாக ஓட்டினாலும்.

கடைசியாக ஒன்று, இதை நாளைக்கே செய்யுங்கள். சைடு வீலின் கம்பி பின்சக்கர அச்சு நட்டுக்கு அடியில்தான் மாட்டியிருக்கும். போன மாதம் அதைக் கழற்றியபோது நட்டைத் திரும்ப இறுக்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கம்பியை எடுத்ததும் அந்த இடம் மெலிந்துவிடும், நட்டு இறுகியது மாதிரி இருந்து ஓட ஓடத் தளரும், சக்கரம் ஒரு பக்கமாக இழுபட்டுச் செயின் கழலும். இரண்டு பக்கமும் ஸ்பேனர் போட்டு இறுக்கி, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பாருங்கள், ஃபிரேமில் எங்கும் உரசாமல் நடுவில் ஓட வேண்டும். இத்தனை நாள் சைடு வீலே ஸ்டாண்டாகவும் இருந்தது என்பதால் உங்கள் சைக்கிளில் ஸ்டாண்டு இருக்க வாய்ப்பில்லை. பஞ்சர் கடையில் ஒரு சைடு ஸ்டாண்டு போட்டு வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் சுவரில் சாய்த்து வைத்துச் சரிந்து விழுந்தே பிரேக் லீவர் உடையும்.